பின்சீட்டுக்குச் சொந்தக்காரன்

சத்தம்தான் முதலில் வந்தது. காலையில் சிட்லபாக்கம் ஏரிக்கரையில் நடந்துகொண்டிருந்தேன். நடப்பது என்று பெயர்தான். டாக்டர் சொன்னதற்காக ஒரு சுற்று, அதற்குப் பிறகு சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்து மற்றவர்கள் நடப்பதை மேற்பார்வை பார்ப்பது. அப்போது தெருக்கோடியிலிருந்து அது வந்தது. தகர டப்பாவில் பட்டாணியை உருட்டினாற்போலத் தொடங்கி, ஆக்ஸிலேட்டரைத் திருகியதும் ஒரே இழையாக நீண்டு போகும் சத்தம். பின்னாலேயே கருகிய ஆயில் வாசனை. டூ ஸ்ட்ரோக் வண்டி ஓட்டியவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஓட்டாதவர்களுக்கு அது புகை நாற்றம்தான்.

யாரோ ஒரு பையன் ஓட்டிக்கொண்டு போனான். சிவப்பு டேங்க். என்னிடம் இருந்த அதே மாடல். பெயர் சொல்லவில்லை, சொன்னால் கம்பெனிக்காரன் எனக்குக் காசா கொடுக்கப்போகிறான்? அந்தக் காலத்தில் தாம்பரத்திலிருந்து கிண்டி வரைக்கும் பாதிப் பேர் அதில்தான் போனார்கள், நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள். வீட்டுக்கு வந்து சும்மா போனில் தேடினேன். அன்றைக்குப் பிடித்தது சனி. அதுவரை மூட்டுவலித் தைலம் காட்டிக்கொண்டிருந்த போன், அதற்கப்புறம் பழைய வண்டியைத் தவிர வேறு எதையும் காட்டுவதில்லை.

மனைவியிடம் சொன்னேன். அவள் அமெரிக்காவில் மகளோடு இருக்கிறாள். பிரசவம் பார்க்கப் போனாள், இரண்டாவது பிரசவமும் பார்த்தாள், இப்போது பேரப்பிள்ளைகளைப் பள்ளிக்கூட பஸ் ஏற்றிவிடுகிறாள். கிரீன் கார்டு வந்தது. அங்கே கேக் வெட்டினார்கள், நான் இங்கிருந்து போனைப் பார்த்துக் கை தட்டினேன். நானும் அங்கே போய் இருந்து பார்த்தவன்தான். பேச ஆளில்லை என்று திரும்பி வந்தேன். வந்து பார்த்தால் இங்கேயும் இல்லை.

"இந்த வயசுல உங்களுக்கு எதுக்கு பைக்கு?" என்றாள் வீடியோவில். "பின்னாடி யாரு உக்காரப் போறா?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். ஆனால் சரியான கேள்வி. என்னுடைய முழுக் கதையும் அந்தப் பின்சீட்டில்தான் இருக்கிறது.

அந்த வண்டி என்னுடையது என்று சொன்னேன் இல்லையா, அது பாதிப் பொய். நானும் ஜெயசீலனும் சேர்ந்து வாங்கியது. ஜெயசீலன் எனக்கு அடுத்த தெரு. இருவரும் கிண்டியில் ஒரே கம்பெனியில் வேலை செய்தோம். சுவிட்ச் செய்கிற கம்பெனி. நான் ஸ்டோர்ஸ், அவன் டெஸ்டிங். ரயிலில் தொங்கித் தொங்கிக் கை நீண்டுபோனதும் ஒரு நாள், "டேய், ஆளுக்குப் பாதி போட்டு வண்டி வாங்கிடலாமாடா?" என்றான். வாங்கினோம். யார் பெயரில் பதிவது என்ற பேச்சு வந்தபோது, "புக்கு உன் பேர்ல இருக்கட்டும். பின்சீட்டு என் பேர்ல இருக்கட்டும்" என்று முடித்துவிட்டான்.

அப்படிச் சொல்லக் காரணம் உண்டு. அவனுக்கு ஓட்ட வராது. கற்றுக்கொள்ள ஒரே ஒரு முறை முயன்றான். கோடையில் ஏரி காய்ந்து மைதானமாகக் கிடக்கும், சைக்கிளிலிருந்து லாரி வரை எல்லோரும் அங்கேதான் பழகுவார்கள். கிளட்சை மெதுவாக விடு, மெதுவாக விடு என்று நான் கத்தக் கத்த, வண்டி ஒரு துள்ளு துள்ளி, அத்தனை பெரிய ஏரியில் மிச்சமிருந்த ஒரே ஒரு குட்டையை நோக்கி நேராக ஓடியது. குட்டையில் ஒரு எருமை படுத்திருந்தது. அது எழுந்திருக்கவில்லை. இவன் சேறோடு எழுந்து வந்தான்.

"எரும கூட எனக்கு வழி வுடலடா. நான் பின்னாடியே இருந்துக்கறேன்."

அதற்குப் பிறகு அவன் ஹேண்டில்பாரைத் தொட்டதே இல்லை. வண்டி துடைப்பான், ஆயில் ஊற்றினார்களா என்று பெட்ரோல் பங்கில் சண்டை போடுவான், ஓட்ட மட்டும் மாட்டான். பின்சீட்டில் ஏறி உட்கார்ந்ததும் அவனுக்கு ஒரு பழக்கம். வலது கையால் மடியில் இரண்டு பேருடைய டிபன் பையையும் பிடித்துக்கொள்வான். இடது கை என் சட்டையை இடுப்புக்கு மேலே கொத்தாகப் பிடித்துக்கொள்ளும். சீட்டில் பட்டை இருந்தது, பின்னால் கம்பி இருந்தது. அதிலெல்லாம் அவனுக்கு நம்பிக்கை கிடையாது. எருமை செய்த வேலை.

ஆகவே என் சட்டைகள் எல்லாவற்றிலும் இடது பக்கம் ஓர் இடம் மட்டும் கசங்கியிருக்கும். எங்கள் தெருவில் வண்டி போட்டுத் துணி தேய்த்துக்கொண்டிருந்த ஏழுமலைக்கு அது பெரிய தலைவலி. "இன்னா சார், நானும் பொட்டி வெச்சித் தேச்சிகினே கீறேன், இந்த எடம் மட்டும் மறுநாளே சுருட்டிகினு வருது. யார்னா புட்ச்சி இஸ்துகினு போறாங்களா?" என்று கேட்டான். எனக்குக் கல்யாணமான புதிதில் மனைவியும் அதே இடத்தைத்தான் கவனித்தாள். பின்னாடி யார் உட்காருவது என்றாள். ஜெயசீலன் என்றேன். "ஆம்பளைங்க இப்படியா பிடிச்சுக்குவாங்க?" என்று கேட்டுவிட்டு, மறுநாள் காலை வாசலில் நின்று எங்களைப் பார்த்து உறுதி செய்துகொண்ட பிறகுதான் எனக்குக் காபி கிடைத்தது.

பேச்சு. அதைத்தான் சொல்ல வந்தேன். எங்கள் தெரு திரும்பி, குரோம்பேட்டை ரயில்வே கேட்டைத் தாண்டி ஜி.எஸ்.டி. ரோட்டில் ஏறியதும் அவன் பேச ஆரம்பிப்பான். என் இடது காதுக்குப் பக்கத்தில் வாயை வைத்துக்கொண்டு பேசுவான். நான் தலையை லேசாக இடது பக்கம் திருப்பிப் பதிலைக் காற்றில் கத்துவேன். பல்லாவரம், திரிசூலம், மீனம்பாக்கம் என்று எல்லா இடங்களிலும் எங்கள் பேச்சு சிந்திக்கிடக்கும். விமானம் தலைக்கு மேல் இறங்கும்போது மட்டும் ஒரு சின்ன இடைவேளை. என் வாழ்க்கையில் மிக நீளமாகப் பேசிய பேச்செல்லாம் முகம் பார்க்காமல் பேசியதுதான். வண்டிக்கு இருந்தது ஒரே ஒரு கண்ணாடி, அதுவும் வலது பக்கம். அதில் லாரி தெரியும், ஜெயசீலன் தெரிய மாட்டான்.

இதில் ஒரு வேடிக்கை, வண்டி நின்றால் பேச்சும் நின்றுவிடும். கேட் மூடியிருந்தால் இஞ்சினை அணைத்துவிட்டுக் காத்திருப்போம். எலெக்ட்ரிக் ரயில் வரும், எக்ஸ்பிரஸ் வரும், எதிர்ப்பக்கமும் ஒன்று வரும். அதுவரை இரண்டு பேரும் வாயைத் திறக்காமல் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டிருப்போம். பாதியில் விட்ட வாக்கியம் அப்படியே தொங்கிக்கொண்டிருக்கும். கேட் தூக்கி, நான் கிக்கரை உதைத்து, வண்டி நகர்ந்ததும், "அதான்டா சொன்னேன்..." என்று விட்ட இடத்திலிருந்து தொடங்குவான். டீக்கடையில் எதிரெதிரே உட்கார்ந்தால் கிரிக்கெட் தவிர எங்களுக்குப் பேச ஒன்றும் இருந்ததில்லை.

என் அப்பாவுக்குப் புற்றுநோய் என்று ஆஸ்பத்திரியில் சொன்னதை அம்மாவிடம் சொல்வதற்கு முன்னால் அவனிடம்தான் சொன்னேன். திரிசூலம் மலையைத் தாண்டும்போது சொன்னேன். சட்டையைப் பிடித்திருந்த கை மட்டும் இறுகியது. கிண்டி வரைக்கும் அந்தப் பிடி தளரவில்லை. எனக்கு அது போதுமானதாக இருந்தது.

அவன் முறை பல்லாவரத்தில் வந்தது. சர்ச்சில் பாட்டுக் குழுவில் இருந்த ஒரு பெண்ணை அவன் விரும்பியது எனக்குத் தெரியும். பின்சீட்டில் அவன் முணுமுணுத்த பாட்டெல்லாம் அவள் பாடியதுதான். "வேற எடத்துல முடிச்சிட்டாங்கடா" என்றான். அவ்வளவுதான். கொஞ்ச தூரம் போன பிறகு என் முதுகில் அவன் நெற்றி பட்டது. அப்புறம் சட்டை நனைந்தது. நான் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் நிறுத்தியிருப்பான். கம்பெனி வாசலில் இறங்கி முகத்தைத் துடைத்துக்கொண்டு, "டீ சாப்புடலாமா?" என்றான். டீ குடித்துக்கொண்டே கிரிக்கெட் பேசினோம்.

எல்லாமே அழுகை என்று நினைத்துவிடாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை அவன் சர்ச் முடிந்து வந்ததும் கோவளத்துக்கு மீன் வாங்கப் போவோம். மகாபலிபுரம் பழைய ரோடு அப்போது வெறிச்சென்றிருக்கும். ஒரு தடவை நாவலூர் பக்கம் பெட்ரோல் தீர்ந்துபோனது. ரிசர்வும் தீர்ந்துபோனது. அதற்கு அந்தக் காலத்து வைத்தியம் ஒன்று உண்டு, வண்டியை ஒரு பக்கமாகப் படுக்கப்போடுவது. டேங்கின் அந்தப் பக்கத்தில் தங்கிய பெட்ரோல் இந்தப் பக்கம் வரும், கொஞ்ச தூரம் ஓடும். ஜெயசீலன் மண்டிபோட்டு டேங்கில் காதை வைத்து, "வருதுடா, வருதுடா, களகளன்னு சத்தம் கேக்குது" என்று வர்ணனை கொடுத்துக்கொண்டிருந்தான். தலையில் மீன் கூடையோடு வந்த ஒரு அம்மா நின்று பார்த்தார்.

"இன்னாபா, நல்லா இருந்த வண்டிய படுக்க வெச்சி வைத்தியம் பாக்குறீங்கோ?"

வண்டி கிளம்பியது. சுற்றிலும் பனைமரமும் பொட்டல்வெளியும்தான். "இந்தப் பொட்டக்காட்டுல எவன்டா வந்து குடியிருப்பான்?" என்று ஜெயசீலன் காதுக்குள் கத்தினான். நானும் எவனும் வரமாட்டான் என்று திருப்பிக் கத்தினேன்.

கம்பெனி மூடினார்கள். அவன் மஸ்கட் போனான். கிளம்புகிற அன்று ஏர்போர்ட்டுக்கு அந்த வண்டியில்தான் கொண்டுபோய் விட்டேன்; பெட்டி அவன் அண்ணனோடு ஆட்டோவில் வந்தது. அதற்குப் பிறகும் கொஞ்ச வருடம் வண்டியை வைத்திருந்தேன். பின்னால் மனைவி உட்கார்ந்தாள், நடுவில் மகள் உட்கார்ந்தாள். மனைவி கம்பியைப் பிடித்துக்கொள்வாள், சட்டையைத் தொட மாட்டாள். காதுக்குப் பக்கத்தில் பேச்சும் கிடையாது. வேகமாகப் போகாதீங்க என்பது மட்டும் வரும். பிறகு பார்ட்ஸ் கிடைக்கவில்லை. மஸ்கட்டிலிருந்து போனில், "எவ்ளோ நாள் தாண்டா அத கட்டிகிட்டு அழுவ, வித்துடு" என்றான். விற்றுவிட்டேன்.

இப்போது ஜெயசீலன் எங்கே இருக்கிறான் என்று நினைக்கிறீர்கள்? நாவலூரில்தான். அந்தப் பொட்டக்காட்டில். மகனுக்கு அங்கே கம்ப்யூட்டர் வேலை, அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கிற உயரத்தில் வீடு. போன வருஷம் போய்ப் பார்த்தேன். வாசல் செக்யூரிட்டியிடம் பெயர், போன் நம்பர், யாரைப் பார்க்க வந்தேன், என்ன உறவு என்று எல்லாம் சொல்லிவிட்டு மேலே போனால், சோபாவில் உட்கார்ந்திருந்தான். தலை முழுக்க நரைத்திருந்தது. எதிர் சோபாவில் நான் உட்கார்ந்தேன். மருமகள் டீ கொடுத்தாள்.

"அப்புறம்?" என்றான்.

"அப்புறம் நீதான் சொல்லணும்" என்றேன்.

கிரிக்கெட் கொஞ்சம் பேசினோம். அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு எதையும் சொல்லத் தோன்றவில்லை. அவனும் என் தலைக்குப் பின்னால் இருந்த கடிகாரத்தைப் பார்த்தான். நான் கிளம்பும்போது சோபாவிலிருந்து எழுந்திருக்கவில்லை. உட்கார்ந்தபடியே கையை மட்டும் ஆட்டினான். வெளிநாட்டில் இருந்து வந்தவன், அப்படித்தான் இருப்பான் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். வருத்தம்தான், இல்லையென்று சொல்லமாட்டேன். போனில் பேசலாமே, அதிலும் முகம் தெரியாதே என்பீர்கள். போனில் சும்மா இருக்க முடியாது. ஒரு நிமிஷம் பேசாமல் இருந்தால் "ஹலோ, ஹலோ" என்கிறான். வண்டியில் நாங்கள் பேசாமல் இருந்த நேரத்தையெல்லாம் இஞ்சின் பார்த்துக்கொண்டது.

ஆக, ஏரிக்கரையில் அந்தச் சத்தத்தைக் கேட்டதும் எனக்கு என்ன ஆசை வந்தது என்று இப்போது புரிந்திருக்கும். எனக்கு வேண்டியது வண்டி இல்லை. வண்டி இருந்தால் அவன் பின்னால் ஏறுவான், ஏறினால் பேசுவான். அவ்வளவுதான் கணக்கு.

போன் காட்டிய வண்டிகளில் ஒன்று முடிச்சூரில் இருந்தது. அதே மாடல், அதே சிவப்பு. தனசேகர் என்று ஒருவர், பழைய வண்டிகளை வாங்கித் தயார்செய்து விற்கிறவர். நல்ல சட்டையாக, தேய்த்த சட்டையாகப் போட்டுக்கொண்டு, மாப்பிள்ளை பார்க்கப் போகிற மாதிரி போனேன். வண்டி கூரைக்குக் கீழே பளபளவென்று நின்றது. பின்சக்கரத்தில் சேலை சிக்காமல் தடுக்கிற கம்பி இல்லை. ஏன் என்று கேட்டேன்.

"அத்தெல்லாம் கயட்டிட்டோம் சார். இப்போ யாரு பொடவ கட்டிகினு குந்திகினு வராங்க? வாங்கற பசங்க எல்லாம் சிங்கிளாத்தான் போறாங்க. ஒரு ரவுண்டு போய்ட்டு வாங்க சார்."

ஹெல்மெட் கொடுத்தார். சாவியைப் போட்டேன், பெட்ரோலைத் திறந்தேன், ஒரே உதையில் உயிர் வந்தது. கால் எதையும் மறக்கவில்லை. முதல் கியரைப் போட்டுக் கிளட்சைப் பிடித்துக்கொண்டு, இரண்டு காலையும் அகட்டி ஊன்றி நின்றேன். நின்றேன், நின்றுகொண்டே இருந்தேன்.

"இன்னா சார், கெளம்புங்க" என்றார் தனசேகர். "எதுனா பிராப்ளமா?"

பின்னால் கனம் ஏறுவதற்காகக் காத்துக்கொண்டிருந்திருக்கிறேன். ஏறி உட்கார்ந்து, பையை மடியில் வைத்து, சட்டையைப் பிடித்த பிறகுதான் அந்த வண்டியை நான் நகர்த்திப் பழக்கம். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

வண்டலூர் போகிற வெளிவட்டச் சாலைக்குப் பக்கத்தில் சர்வீஸ் ரோடு காலியாக இருந்தது. திருகினேன். பறந்தது. பின்னால் ஆள் இல்லாத வண்டி ஒவ்வொரு மேட்டிலும் துள்ளியது. முதுகில் காற்று புகுந்து சட்டை பலூன் மாதிரி உப்பியது. அந்த மாடலில் அத்தனை வருஷம் ஓட்டியும் முதுகில் காற்று இப்படி அடிக்கும் என்று எனக்குத் தெரியாது. சத்தம் ஒரே இழையாக நீண்டு வந்தது. அந்த இழை வந்ததும் என் தலை தானாக இடது பக்கம் லேசாகத் திரும்பியது.

"அவ இனிமே அங்கயே இருந்துடுவா போலருக்குடா சீலா" என்றேன்.

சத்தமாகவே சொல்லிவிட்டேன். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. மகளிடம் இல்லை, மனைவியிடமே கேட்டதும் இல்லை. எனக்குள்ளேகூட இப்படி ஒரு வாக்கியமாக வைத்துப் பார்த்ததில்லை. அந்தக் காலத்தில் ஹெல்மெட் கிடையாது, சொன்னது காற்றோடு பின்னால் போய் அவன் காதில் விழும். இன்றைக்கு அது ஹெல்மெட்டுக்குள்ளேயே சுற்றி என் காதில் விழுந்தது. இடுப்புக்கு மேலே இடது பக்கம் ஏதாவது இறுகுமா என்று உடம்பு எதிர்பார்த்தது. வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டேன்.

அங்கிருந்தே ஜெயசீலனுக்குப் போன் போட்டேன்.

"சீலா, நம்ம வண்டி கெடச்சிருக்குடா."

"எது, நம்மளுதேவா?"

"அதே மாடல். அதே செவப்பு."

கொஞ்சம் யோசித்துவிட்டு, "ரிசர்வ் வேலை செய்யுதா?" என்றான். செய்கிறது என்றேன். சிரித்தான். சிரித்து முடித்துவிட்டு, "எடுத்துடுடா. என்னாலதான் காலத் தூக்கிப் போட முடியாது" என்றான்.

"ஏன்?"

"இடுப்புல பிளேட் வெச்சிருக்கு. மஸ்கட்டுல விழுந்தது. சோபாவுலேர்ந்து எழுப்பவே ரெண்டு பேர் வேணும். கார்லகூட மடிச்சு வெச்சுதான் ஏத்துறாங்க."

"நான் வந்தப்போ ஏன்டா சொல்லல?"

"உன் மூஞ்சியப் பாத்துகிட்டு எப்படிடா சொல்றது?" என்றான்.

என்னிடமும் அவனுக்குச் சொல்ல ஒன்று இருந்தது. இப்போதுதான் ரோட்டில் சொல்லிப் பார்த்திருந்தேன். வாய்வரை வந்தது. வண்டி நின்றிருந்தது, இஞ்சின் அணைந்திருந்தது. கேட் மூடின மாதிரி இரண்டு பேரும் பேசாமல் இருந்தோம். கொஞ்ச நேரத்தில் "ஹலோ... ஹலோ, இருக்கியா?" என்றான். இருக்கேன்டா, அப்புறம் கூப்பிடறேன் என்று வைத்துவிட்டேன்.

தனசேகரிடம் சாவியைக் கொடுத்தேன். "புடிச்சிருக்கா சார்?" என்றார். வண்டி நன்றாக இருக்கிறது, பின்னால்தான் கனம் இல்லாமல் துள்ளுகிறது என்றேன். "சிங்கிளாப் போனா தூக்கித்தான் சார் அடிக்கும். பின்னாடி டயர்ல காத்த கம்மி பண்ணா சரியாப்பூடும்" என்றார். நல்ல மனுஷர். யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன். போனும் விடாமல் அதையே காட்டிக்கொண்டிருக்கிறது.

திரும்பும்போது குரோம்பேட்டை பக்கமாக வந்தேன். நாங்கள் வாயை மூடிக்கொண்டு நின்ற கேட் இப்போது இல்லை. கீழே தோண்டி வழி விட்டிருக்கிறார்கள், யாரும் யாரோடும் நிற்க வேண்டியதில்லை. ஜெயசீலன் எருமையிடம் தோற்ற ஏரியைச் சுற்றி வேலி போட்டு, நடக்க வழி போட்டு, எனக்கு பெஞ்சும் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். ஏழுமலையின் வண்டி நின்ற வேப்பமரத்தடியில் கார் நிற்கிறது. துணியை இப்போது நானே தேய்த்துக்கொள்கிறேன், சுமாராகத்தான் வரும்.

வீட்டுக்கு வந்து விளக்கைப் போட்டேன். சட்டையைக் கழற்றிக் கொடியில் போடப் போனவன், ஏனோ இடது பக்கத்தை விரித்து வெளிச்சத்தில் பார்த்தேன். காலையில் நான் தேய்த்தபடியே இருந்தது. ஒரு சுருக்கம்கூட இல்லை.